சுவருக்குப் பின்னால் இருப்பது என்ன?

1999ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் காலை. யப்பான் நாட்டின் சன்யோ அதிவேகப் புகையிரதப் பாதையிலுள்ள புக்குவோக்காச் சுரங்கத்தின் உட்புறத்திலிருந்து, ஏறக்குறைய 200 கிலோகிராம் எடையுள்ள கொங்கிறீற்றுப் பாளம் பெயர்ந்து, விரைந்துகொண்டிருந்த வண்டியின்மேல் வீழ்ந்தது. வண்டியின் கூரை கிழிந்தது. பயணிகளின் உயிர் தப்பியது. அச்சுரங்கம் முதுமையால் இற்றுப்போனதன்று; அப்பாதை திறக்கப்பட்டது 1975ஆம் ஆண்டிலேதான். முதலில் ஊற்றிய கொங்கிறீற்று இறுகத் தொடங்கிய பின்னர் அடுத்த படை ஊற்றப்பட்டமையால், இரண்டும் ஒன்றுபடாது நின்ற பொருத்தே கேட்டுக்கு வித்தாயிற்று.

சுரங்கங்களைப் பரிசோதித்தோம், இனி அச்சமில்லை என்று நிருவாகம் கூறிற்று. அந்தச் சொல்லின் ஈரம் உலருமுன்னரே, அக்டோபர் 9ஆம் நாள், அதே பாதையின் கித்தாகியூசுச் சுரங்கத்தில் 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட கொங்கிறீற்று மீண்டும் வீழ்ந்தது. பொறியியலில் உலகமே வியக்கும் நாட்டுக்கு நேர்ந்த கதி இது! சுவரின் மேனி அழகாயிருப்பது அதன் உள்ளம் உறுதியாயிருப்பதற்குச் சான்றாகாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

மறைந்திருக்கும் குறையைக் காண இன்று விஞ்ஞானம் ஒரு கண்ணைத் தந்திருக்கிறது. அதுவே நிலம் ஊடுருவும் றேடார். சுரங்கச் சுவரை ஒட்டி நகரும் கருவி, மிகச் சிறு மின்காந்தத் துடிப்புக்களை உள்ளே செலுத்துகின்றது. கொங்கிறீற்றினுள் அவை காற்றிற் செல்லும் வேகத்தின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வேகத்திற் செல்லும். கொங்கிறீற்று முடிந்து வெற்றிடமோ, நீரோ, பாறையோ தொடங்கும் இடத்தில் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பும். 30 சென்ரிமீற்றர் தடித்த சுவரின் பின்புறம் சென்று மீள்வதற்கு ஆகும் காலம், ஒரு நொடியின் நூறு கோடியில் ஆறு பங்கு அளவே! இக்காலத்தை அளந்து, சுவர் எங்கே மெலிந்தது, அதன் பின்னால் எங்கே பொள்ளல் விழுந்தது, எங்கே நீர் தேங்கியது என்பதைப் படமாக வரைந்துவிடலாம். ஒரு கல்லையேனும் பெயர்க்க வேண்டியதில்லை.

ஆயினும் கருவியைக் கடவுளாக்குதல் பேதைமை. நெருங்கிய இரும்புக் கம்பிகள் அலையை மறைக்கும்; ஈரம் மிகுந்த சுவர் அதனை விழுங்கிவிடும்; ஆழம் காணும் அலைக்கு நுண்மை குறையும், நுண்மை காணும் அலைக்கு ஆழம் குறையும். இறுக மூடியிருக்கும் மெல்லிய வெடிப்போ, புக்குவோக்காவிற் போன்ற ஒன்றுபடாப் பொருத்தோ அதன் கண்ணுக்குத் தப்பலாம். சுத்தியலால் தட்டி ஓசை கேட்டறியும் தொழிலாளியின் செவியும், படத்தை வாசித்துப் பொருள் காணும் பொறியியலாளரின் அறிவும் என்றும் வேண்டப்படுவனவே.

இது தூரதேசத்துச் செய்தி என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. 1885இல் நானுஓயாவை அடைந்து 1924இல் பதுளையில் முடிவுற்ற நமது மலைநாட்டுப் பாதை, சுரங்கம் சுரங்கமாக நுழைந்தே மலையேறுகின்றது. ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் சிங்கமலைச் சுரங்கத்தின் இருளை அறியாத மலையகத் தமிழன் உண்டோ? யப்பானில் 24 ஆண்டுகளே ஆன பாதையில் குறை ஒளிந்திருந்ததென்றால், நூறாண்டுக்கு மேலாக மழையும் ஊற்றுநீரும் கசியும் மலைச் சுரங்கங்களை எவ்வளவு விழிப்போடு காக்க வேண்டும்!

ஆதலின் நாம் கேட்பது ஒன்றே. மலைநாட்டுச் சுரங்கங்கள் ஒவ்வொன்றும் றேடாரினாலும் சுத்தியலாலும் முறைப்படி ஆராயப்படல் வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் அவ்வாய்வு மீண்டும் நடைபெற்று, பழைய படத்தோடு புதிய படம் ஒப்புநோக்கப்படல் வேண்டும். கண்ட குறைகளும் அவற்றைத் திருத்தும் நாளும் மக்கள் அறிய வெளியிடப்படல் வேண்டும். பரிசோதித்தோம் என்ற ஒரு சொல்லை நம்பி ஏமாந்த யப்பானின் அனுபவம் நமக்கும் போதும்.

குறை சுவருக்குப் பின்னால் மறைந்திருத்தல் இயற்கை. குறையைக் கண்ட அறிக்கை பெட்டிக்குள் மறைந்திருத்தல் குற்றம்.