லோபிட்டோ ரயில் பாதை: செம்பு கப்பலேறும், ஊருக்கு என்ன கிடைக்கும்?

கோங்கோ ஜனநாயகக் குடியரசின் கொல்வேசி வட்டாரத்தில் எடுக்கப்படும் செம்பும் கோபால்ட்டும் பெரும்பாலும் லோரிகளில்தான் துறைமுகம் போகின்றன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைய வாரக்கணக்கில் ஆகிறது. ஸாம்பிய எல்லையிலுள்ள கசும்பலேசாவில் லோரிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடப்பது வழக்கம்.

இதற்கு மாற்றாக அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்திற்குச் செல்லும் ரயில் பாதை முன்வைக்கப்படுகிறது. அங்கோலாவுக்குள் மட்டும் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, 1975இல் வெடித்த உள்நாட்டுப் போரில் சிதைந்தது. போருக்குப் பின் சீன நிறுவனம் அதைப் புதுப்பித்தது. ஆனால், 2022இல் அதை 30 ஆண்டுகள் நடத்தும் உரிமை, சிங்கப்பூரில் பதிவுபெற்ற டிராஃபிகுரா இடம்பெற்ற கூட்டணிக்குக் கிடைத்தது. 2024 டிசம்பரில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் லோபிட்டோவுக்கே நேரில் சென்றார்.

சீனாவும் சும்மா இருக்கவில்லை. 1970களில் தான் கட்டிக்கொடுத்த 1,860 கிலோமீட்டர் தான்சானியா-ஸாம்பியா ரயில் பாதையைச் சீரமைக்க முன்வந்துள்ளது. மின்சாரக் கார் பேட்டரிக்கு இக்கனிமங்கள் தேவைப்படுவதே போட்டிக்குக் காரணம்.

பேட்டரித் தொழிலை உள்நாட்டிலேயே வளர்க்க 2022இல் கோங்கோவும் ஸாம்பியாவும் ஒப்பந்தம் செய்தன. அந்தத் தொழிற்சாலைகள் எழாவிட்டால், வேலையும் லாபமும் கனிமத்தோடு சேர்ந்து கப்பலேறிவிடும். குறைந்தபட்சம், பாதையோர விவசாயிகளின் சோளத்திற்கும் பயணிகளுக்குமாவது அந்த ரயில்களில் இடம் ஒதுக்க அரசாங்கங்கள் இப்போதே நிபந்தனை விதிக்க வேண்டும்.