பல்வலி தானா நின்னுடுச்சா? அப்போதான் பல் டாக்டரைப் பார்க்கணும்

1/ ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். கன்னத்துல கையை வச்சுக்கிட்டு ஒருத்தர் கேஷுவாலிட்டிக்குள்ள வருவார். "பல்லுவலி தாங்கல டாக்டர். ஒரு ஊசியைப் போட்டு மாத்திரை எழுதிக் குடுத்துடுங்க, காலைல வேலைக்குப் போகணும்." வாரத்துக்கு எத்தனை பேர்னு எண்ணுறதையே விட்டுட்டேன். அவங்களுக்காகத்தான் இந்த நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ முதல்லயே சொல்லிடுறேன். நான் பல் மருத்துவர் இல்லை. எம்.பி.பி.எஸ். படிச்ச அரசு மருத்துவர். எனக்கு ரூட் கேனால் பண்ணத் தெரியாது. யார் பண்ணிக்கிட்டாலும் எனக்கு ஒரு ரூபாய் வராது. அதனால "பிசினஸ் பிடிக்கிறார்"னு கமெண்ட் போட வேண்டாம். பல் டாக்டர்கிட்ட போகாம தள்ளிப் போட்டவங்க கடைசியா வந்து விழுற இடம் எங்க கேஷுவாலிட்டி. அங்கே நின்னு பார்த்ததைச் சொல்றேன்.

3/ சொல்ல வர்றது இவ்வளவுதான். சொத்தைப்பல் வலிக்கு மாத்திரை சிகிச்சையே கிடையாது. வலி நின்னுடுச்சுன்னா பல் குணமாயிடுச்சுன்னு அர்த்தமும் கிடையாது. பல நேரங்கள்ல அர்த்தம் நேர் எதிர்.

4/ பல்லை நாம ஒரு கல் மாதிரி நினைக்கிறோம். அப்படி இல்லை. வெளியே எனாமல், அதுக்குள்ள டென்டின், அதுக்கும் உள்ளே ஒரு சின்ன அறை. அந்த அறையில ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த மென்மையான திசு இருக்கு. பல்கூழ்னு சொல்வாங்க. அது வேருக்குள்ள மெல்லிய குழாயா இறங்கி, வேர் நுனியில இருக்கிற ஊசித் துளை வழியா உடம்போட சேருது. பல்லுக்கு ரத்தம் வர்ற முக்கியமான வழி அதுதான்.

5/ கால்ல முள் குத்தினா அந்த இடம் வீங்கும். வீங்க இடம் இருக்கு. பல்லுக்குள்ள சொத்தை இறங்கி பல்கூழ் வீங்கினா எங்கே போகும்? நாலு பக்கமும் கல்லுச் சுவர். அழுத்தம் ஏறும், நரம்பு நசுங்கும். அதனாலதான் அந்த வலி காது, பொட்டு, கழுத்துன்னு தெறிக்குது. படுத்தா தலைக்கு ரத்த ஓட்டம் கூடும், வலியும் கூடும். பல்வலிக்காரங்க ராத்திரி எங்ககிட்ட வர்றதுக்குக் காரணம் இதுதான்.

6/ இப்போ முக்கியமான இடம். "நாலு நாள் துடிச்சேன் டாக்டர், அஞ்சாவது நாள் தானா சரியாப் போச்சு." சரியாகலைங்க. உள்ளே இருந்த நரம்பு செத்துப் போச்சு. ராத்திரி பூரா நாய் குரைக்குது. திடீர்னு சத்தம் நின்னுடுது. அப்பாடா, திருடன் போயிட்டான்னு நீங்க தூங்கப் போறீங்க. நாயை அடிச்சுப் போட்டுட்டுத்தான் திருடன் உள்ளே வந்திருக்கான்.

7/ அடுத்தது ஆன்டிபயாடிக். அது ரத்தத்துல கலந்துதான் எங்கேயும் போய்ச் சேரணும். செத்துப்போன பல்கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. பைப் உடைஞ்ச வீட்டுக்கு மேல் டேங்க்ல எவ்வளவு தண்ணி ஏத்தினாலும் குழாய்ல சொட்டு வராது இல்லையா, அதே கதைதான். கிருமி பல்லுக்குள்ள சொகுசா உட்கார்ந்திருக்கும், மருந்து வெளியே சுத்திட்டுப் போயிடும்.

8/ "ஆனா மாத்திரை போட்டா வீக்கம் வடியுதே?" வடியும். வேர் நுனிக்கு வெளியே எலும்புக்கு ரத்தம் உண்டு, அங்கே பரவினதை மருந்து கொஞ்சம் அடக்கும். ஆனா கிருமியோட குடித்தனம் பல்லுக்குள்ள அப்படியே இருக்கு. ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப வரும். திரும்ப மாத்திரை. ஒவ்வொரு சுற்றிலும் உங்க உடம்புல இருக்கிற கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கிட்டே போகும்.

9/ இது என் சொந்தக் கருத்து இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் சொல்லுது: நல்ல எதிர்ப்பு சக்தி உள்ள பெரியவர்களுக்கு, பல் சிகிச்சை கிடைக்கிற இடத்தில், பெரும்பாலான பல்வலிக்கும் வேர்நுனிச் சீழுக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை, பல்லுக்குத்தான் சிகிச்சை பண்ணணும். காய்ச்சல், உடம்பு துவண்டு போறது மாதிரி தொற்று உடம்புக்குப் பரவின அறிகுறி இருந்தா மட்டும் மருந்தும் சேர்ந்து வேணும். சேர்ந்துன்னுதான் சொல்றேன், அதுக்குப் பதிலா இல்லை.

10/ ஆனா நம்ம ஊர்ல நடக்கிறது என்ன? மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "அண்ணே, பல்வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க." கத்தரிக்கோலால வெட்டி ஒரு செட் மாத்திரை கைக்கு வரும். அதுல ஒண்ணு ஆன்டிபயாடிக். அந்த அட்டையில ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாம வாங்காதேன்னு அர்த்தம். அந்தக் கோட்டைக் கடைக்காரரும் மதிக்கிறதில்லை, நாமளும் பார்க்கிறதில்லை.

11/ கடைக்காரரை மட்டும் திட்டிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. நாங்களும் அதையேதான் செய்யறோம். இருநூறு பேர் நிக்கிற ஓ.பி.யில பல்வலின்னு ஒருத்தர் வந்தா, அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, அடுத்த ஆள். எம்.பி.பி.எஸ்.ல பல்லைப் பத்தி நாங்க படிச்சது ரொம்பக் கொஞ்சம். "பல் டாக்டரைப் பாருங்க"ன்னு வாயால சொல்லுவோம். அதுக்குள்ள அவர் கதவைத் தாண்டியிருப்பார்.

12/ ஒரு அண்ணன் வந்தார். ஐம்பது வயசு இருக்கும், கட்டட வேலை, சர்க்கரை உண்டு. தாடைக்குக் கீழே ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி வீக்கம். வாய் திறக்க முடியலை. நாக்கு மேலே தூக்கிக்கிட்டு நிக்குது. எச்சிலை முழுங்க முடியாம துண்டுல துடைச்சுக்கிட்டே இருந்தார். பேசினா வாய் நிறைய சோத்தை வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி. படுக்கச் சொன்னா மூச்சு முட்டுதுன்னு எழுந்து உட்கார்ந்துட்டார்.

13/ இதுக்குப் பேர் லுட்விக்ஸ் ஆஞ்ஜைனா. 1836-ல் லுட்விக்னு ஒரு ஜெர்மன் மருத்துவர் விவரிச்சது. பெரும்பாலும் கீழ்க்கடைவாய்ப் பல்லோட தொற்றுதான் ஆரம்பம். அந்தப் பற்களோட வேர் நுனி வாயின் அடித்தளத் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். சீழ் அங்கே உடைஞ்சா நேரா கழுத்துக்குப் போகும். நாக்கைத் தூக்கி மூச்சுப் பாதையை அடைக்கும். ஆன்டிபயாடிக் வர்றதுக்கு முன்னாடி இது வந்தவங்கள்ல பாதிக்கும் மேல செத்தாங்க.

14/ அவருக்கு வாய் வழியா டியூப் போட முடியலை. தொண்டையில துளை போட்டுத்தான் மூச்சு விட வச்சோம். கழுத்தைத் திறந்து சீழை எடுத்தாங்க. வார்டுக்கு வெளியே அவர் மனைவி திரும்பத் திரும்பக் கேட்டது ஒண்ணுதான்: "ஒரு பல்லுக்காகவா சார் இவ்வளவும்?"

15/ அந்த அக்கா ஒரு மஞ்சப்பையில பழைய சீட்டெல்லாம் வச்சிருந்தாங்க. மூணு மாசத்துல நாலு தடவை மாத்திரை வாங்கியிருக்கார். ஒவ்வொரு தடவையும் வலி நின்னிருக்கு. ஒவ்வொரு தடவையும் வேலைக்குப் போயிருக்கார். அந்த நாலு சீட்டுல ஒண்ணுல இருந்த கையெழுத்து என்னுது. அவர் பிழைச்சுக்கிட்டார். அந்தச் சீட்டை நான் இன்னும் மறக்கலை.

16/ சரி, ரூட் கேனால்னா என்ன? பல்லை மரத்துப்போக வச்சு, மேலே ஒரு சின்ன வாசல் திறந்து, உள்ளே அழுகின பல்கூழை எடுப்பாங்க. எச்சில் உள்ளே போகாம இருக்க பல்லைச் சுத்தி ஒரு ரப்பர் விரிப்பு. இது 1864-லயே வந்துடுச்சு. தலைமுடி மாதிரி மெல்லிய அரம் வச்சு ஒவ்வொரு குழாயையும் சுரண்டி, கிருமி கொல்லும் திரவத்தால கழுவி, கட்டா பெர்ச்சாங்கிற மரப்பால் பொருளை வச்சு நுனி வரைக்கும் அடைப்பாங்க. கடைவாய்ப் பல்லுல மூணு நாலு குழாய் இருக்கும், அதான் நேரம் எடுக்குது.

17/ அவ்வளவுதான். கிருமியோட வீட்டைக் காலி பண்ணிக் கழுவி, திரும்பக் குடியேறாம சீல் வைக்கிறது. மருந்து போக முடியாத இடத்துக்குக் கை போகுது. பல் உங்க பல்லாவே தாடையில நிக்கும்.

18/ "ரூட் கேனால் பண்ணா பயங்கரமா வலிக்கும்." நீங்க ஏற்கெனவே பட்ட வலிதான் பயங்கரம். சிகிச்சை அதை நிறுத்துறதுக்கு. மரத்துப்போற ஊசி சரியா வேலை செஞ்சா கடைவாய்ப் பல்லை அடைக்கிற அளவு தொந்தரவுதான். அப்புறம் ரெண்டு நாள் கடிக்கும்போது கொஞ்சம் நோவு இருக்கலாம்.

19/ "மேல் பல்லுல கை வச்சா கண்ணு போயிடும்." பாட்டி காலத்துல இருந்து ஓடுற கதை. பல்லுக்கு உணர்ச்சி தர்றது ஐந்தாவது மூளை நரம்பு. பார்வை தர்றது இரண்டாவது. ரெண்டும் வேற வேற லைன். கண்ணுக்கு ஆபத்து வரணும்னா அது சிகிச்சை பண்ணாம விட்ட மேல் பல்லுச் சீழ் கண்ணைச் சுத்திப் பரவறதாலதான்.

20/ "ரூட் கேனால் பண்ணா கேன்சர் வரும்." வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் வரும். இதோட வேர் 1920-கள்ல. வெஸ்டன் பிரைஸ்னு ஒரு அமெரிக்கப் பல் மருத்துவர், வேர் சிகிச்சை செஞ்ச பற்கள்தான் பல நோய்களுக்குக் காரணம்னு சொன்னார். அதை நம்பி எத்தனையோ பேர் பல்லை இழந்தாங்க. பின்னாடி ஒழுங்கா செஞ்ச ஆய்வுகள்ல அது நிக்கலை. 2018-ல ஒரு ஆவணப்படம் அதையே தூசி தட்டி எடுத்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் 2019-ல நெட்ஃப்ளிக்ஸ் அதைத் தூக்கிடுச்சு. படம் போயிடுச்சு, ஃபார்வர்டு மட்டும் போகலை.

21/ "அதெல்லாம் நிக்காது சார், ரெண்டு வருஷத்துல விழுந்துடும்." 2004-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு 14 லட்சத்துக்கும் அதிகமான பற்களைப் பார்த்தது. 8 வருஷம் கழிச்சும் 97 சதவீதம் பற்கள் வாயிலேயே இருந்தன. விழுந்த பற்கள்ல பெரும்பாலானதுக்கு கேப் போடலை. முதல் சிட்டிங்ல வலி போனதும் ஆளே காணாமப் போறதும், செலவுன்னு கேப் போடாம விடறதும்தான் பல பற்களுக்கு எமன்.

22/ "பிடுங்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சது." முடியாது, அங்கேதான் ஆரம்பம். பக்கத்துப் பல் அந்தக் காலி இடத்துக்குச் சாயும். எதிர்ப் பல் இறங்கும். தாடை எலும்பு கரையும். ஒரு பக்கமாவே மென்னு அந்தப் பக்கமும் தேயும். பின்னால பிரிட்ஜ், இம்ப்ளான்ட்னு போனா ரூட் கேனாலை விட அதிகச் செலவு.

23/ பெற்றோருக்கு ஒண்ணு. ஆறு வயசுல கடைசியில முளைக்கிற கடைவாய்ப் பல் பால்பல் இல்லை. எந்தப் பல்லும் விழாமலே புதுசா முளைக்கிறதால நிறைய பேர் அதைப் பால்பல்னு நினைச்சு "விழுந்து முளைக்கும்"னு விட்டுடுறாங்க. அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல். சொத்தை சின்னதா இருக்கும்போதே அடைச்சா ரூட் கேனால் வரைக்கும் போகவே வேண்டாம்.

24/ எல்லாப் பல்லையும் காப்பாத்த முடியும்னு நான் சொல்லலை. வேர் நீளவாக்குல பிளந்திருந்தா, ஈறு நோயில ஆட்டம் கண்டிருந்தா, கேப் மாட்டக்கூட மிச்சமில்லாம கரைஞ்சிருந்தா, எடுக்கத்தான் வேணும். எடுக்கிறதும் சிகிச்சைதான், கிருமியோட வீட்டையே இடிக்கிறது. காப்பாத்தவும் செய்யாம, எடுக்கவும் செய்யாம மாத்திரையில ஓட்டுறதுதான் சிகிச்சை இல்லை.

25/ இப்போ என் டிபார்ட்மெண்டைப் பத்தி. அந்த அண்ணனுக்கு ஆரம்பத்துலயே ஒரு பல் டாக்டர் ரூட் கேனால் சொல்லியிருக்கார். தனியார்ல கேப்போட சேர்த்து ஆயிரக்கணக்குல ஆகும். தினக்கூலிக்காரர் எங்கே போவார்? சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. பல அரசு ஆஸ்பத்திரிகள்ல பல் மருத்துவர்கள் இருக்காங்க. ஆனா நான் வேலை பார்த்த இடங்கள்ல அவங்களுக்குப் பொருளும் நேரமும் உதவி ஆளும் பத்தாம, பல் எடுக்கிறதுதான் பிரதான வேலையா இருந்தது.

26/ காசு இருக்கிறவர் பல்லைக் காப்பாத்திக்குவார், இல்லாதவர் பிடுங்கிக்குவார். இதை நாம இயல்புன்னு ஏத்துக்கிட்டோம். ஐ.சி.யு. செலவையும் ஆபரேஷன் செலவையும் அரசு தாங்குது. அதுல ஒரு சின்னப் பங்கை முன்னாடியே செலவு பண்ணா அந்த ஐ.சி.யு. தேவையே படாது. தாலுகா ஆஸ்பத்திரி அளவுலயாவது ரூட் கேனாலும் கேப்பும் கிடைக்கணும். நீங்களும் கேளுங்க. உங்க எம்.எல்.ஏ. கிட்ட ரோடு கேட்கிற மாதிரி இதையும் கேளுங்க.

27/ இன்னிக்கு ராத்திரி வலிச்சா? பாராசிட்டமால் ஒத்துக்கிறவங்க அதைப் போட்டு ராத்திரியைக் கடத்தலாம். கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். புகையிலையைத் திணிக்காதீங்க. பல் பூச்சி எடுக்கிறேன்னு சொல்றவர்கிட்ட வாயைக் காட்டாதீங்க, பல்லுல பூச்சியே கிடையாது. காலையில வலி இருந்தாலும் இல்லைன்னாலும் பல் டாக்டரைப் பாருங்க.

28/ தாடைக்குக் கீழே வீக்கம், வாய் திறக்க முடியலை, எச்சில் முழுங்க முடியலை, குரல் மாறுது, காய்ச்சல், கண்ணைச் சுத்தி வீக்கம், மூச்சுத் திணறல். இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. சர்க்கரை உள்ளவங்க இன்னும் சீக்கிரம் வாங்க.

29/ இப்போ என்கிட்ட பல்வலின்னு வர்றவங்களுக்கு சீட்டுல முதல் வரியா "பல் பிரிவு"ன்னுதான் எழுதுறேன். எழுதிட்டு, எந்த ரூம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குன்னு சொல்லித்தான் அனுப்புறேன். கூடுதலா ஒரு நிமிஷம் ஆகுது. அந்த ஒரு நிமிஷத்தை அந்த அண்ணனுக்கு நான் குடுக்கலை. உங்க வீட்டுலயும் "வலி போயிடுச்சு, விடு"ன்னு சொல்ற ஒருத்தர் இருப்பார். இதை அவருக்கு அனுப்புங்க.