தொப்பூர் கணவாயில் நியூட்ரல் போட்டால் எவ்வளவு மிச்சம்?



வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரில் லாக்-அவுட் பண்ணிட்டு, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி சேலம், நாமக்கல், ஈரோடுன்னு ஊருக்குக் கிளம்பும் கூட்டத்தில் நீங்களும் ஒருத்தரா? இல்லை, நாலு நண்பர்கள் காசு போட்டு ஒரு கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்து ஒகேனக்கல், ஏற்காடுன்னு சுத்தப் பிளான் பண்றீங்களா? அப்போ கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. இது டிரைவிங் கிளாஸ் இல்லை. பணக் கணக்குதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். ட்ரிப் பட்ஜெட்டில் நாம் "மிச்சம்" பிடிக்கும் இடங்கள் பலதும் மிச்சமே இல்லை. பின்னாடி வரப்போகும் ஒரு பெரிய செலவை நம்ம தலையிலேயே ஏத்திக்கிறோம், அவ்வளவுதான்.

தொப்பூர் சொல்லும் பாடம்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கம் தொடங்கும். 2020 டிசம்பரில் இங்கே வரிசையாக நின்ற கார்கள் மேல் ஒரு லாரி மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதி, தீப்பிடித்து, மறுபடியும் 4 பேர். அந்த சிசிடிவி காட்சியை நீங்களும் பார்த்திருப்பீங்க.

இந்த இறக்கத்தில் போலீஸ் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் ஒரு விஷயம், டீசல் மிச்சம் பண்ண வண்டியை நியூட்ரலில் விடுவது. கியர் இல்லாத வண்டியை எஞ்சின் பிடிச்சு நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகிச் சூடாகி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. டிரைவரை மட்டும் திட்டிப் பயனில்லை. அளந்து கொடுத்த டீசலில் மிச்சம் பிடித்தால்தான் கையில் நாலு காசு நிற்கும் என்றால், யாராக இருந்தாலும் கை நியூட்ரலுக்குத்தான் போகும்.

இதில் பெரிய காமெடி என்ன தெரியுமா? இப்போதைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் நியூட்ரலால் எரிபொருள் மிச்சமே ஆகாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை வண்டியே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுத்தும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் ஐடிலிங்கில் ஓட எரிபொருள் செலவாகும். பழைய வண்டியில் மிச்சம் ஆனாலும், அது ஒரு டீ, வடை காசைத் தாண்டாது. எஞ்சினையே ஆஃப் பண்ணினால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் சேர்ந்தே போயிடும்.

கேம்பர் வேன் எடுக்கிறவங்க இதை இரண்டு தடவை படிங்க. கட்டில், தண்ணீர் டேங்க், கேஸ், பேட்டரி எல்லாம் சேர்த்து அது காரைவிட ரொம்பக் கனம். காரில் பழகிய காலுக்கு அது சொன்ன இடத்தில் நிற்காது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைச்சிடணும், பாதியில் இல்லை. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் மலைப் பாதைக்கும் இதே விதிதான்.

அமெரிக்க வீடியோக்களில் மோட்டார்ஹோம் பின்னாடி ஒரு காரையும் கட்டி இழுத்துட்டுப் போறாங்களே, நாமும் செய்யலாமான்னு கேட்டால், வேண்டவே வேண்டாம். நம்ம சாலை விதிகளில் இழுத்துப் போக அனுமதி பழுதான வண்டிக்கும் பதிவு செய்த டிரெய்லருக்கும்தான். விதியை விடுங்க, இறக்கத்தில் பின்னாடி இருக்கும் ஒரு டன் காரும் உங்களை முன்னாடி தள்ளும். அதையும் சேர்த்து நிறுத்த வேண்டியது முன்னாடி இருக்கும் வண்டியின் பிரேக்தான்.

"நான் கவனமாத்தான் ஓட்டுவேன் ப்ரோ"

சரி. ஆனால் தொப்பூரில் வரிசையில் நின்றவர்களும் தப்பு எதுவும் செய்யலையே? உங்க கவனம் உங்க வண்டியை மட்டும்தான் பார்த்துக்கும். பின்னாடி வரும் லாரியைப் பார்த்துக்காது. அந்த இடத்தில்தான் இன்ஷூரன்ஸ் வருது. அதில் நம்ம ஆட்கள் கவனிக்காத நாலு ஓட்டைகள் இருக்கு.

1. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள காரில் நண்பர்களோடு போவது. இந்த பாலிசி சட்டப்படி கட்டாயம், ரோட்டில் போகிற அடுத்தவருக்கு அது உதவும். ஆனால் உங்க சொந்தக் காருக்குள்ளே உட்கார்ந்து வரும் நண்பர்கள் அதில் வர மாட்டார்கள். முழு பாலிசியில்தான் வருவார்கள். இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் 2012-லேயே ஒரு வழக்கில் பிரித்துச் சொல்லியிருக்கு. பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடித்த காரில் யாரை ஏத்துறோம்னு யோசிங்க.

2. 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. வண்டி பாலிசியோடு வரும் இது, வண்டியின் பதிவு உரிமையாளர் ஓட்டும்போதுதான். நண்பனின் காரை நீங்க ஓட்டினாலோ, வாடகை வேன் ஓட்டினாலோ உங்களுக்கு அது கிடையாது.

3. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கணும். "தெரிஞ்சவர் வண்டி, ஆயிரம் ரூபாய் கம்மி"ன்னு வெள்ளை போர்டு எடுத்தால், சொந்த உபயோக பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. கம்பெனி கிளெய்மை மறுத்தால், வண்டிச் சேதத்தை அவர் உங்ககிட்டதான் கேட்பார்.

4. டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கு, போதும்னு நினைப்பது. சாதாரண டேர்ம் பாலிசி இறந்தால்தான் பணம் தரும். கால் உடைந்து ஆறு மாதம் படுத்தால்? ஆபீஸ் மெடிக்கல் பாலிசி ஆஸ்பத்திரி பில்லைக் கட்டலாம், உங்க இ.எம்.ஐ-யை யார் கட்டுவாங்க? அதனால் உங்க பெயரிலேயே ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுங்க. ஊனத்துக்கும், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கும் பணம் தருவதாகப் பார்த்து எடுங்க. யார் வண்டியில் போனாலும் அது கூடவே வரும்.

கிளம்பும் முன்

ஆபீஸ் முடிச்ச களைப்போடு ராத்திரி முழுக்க ஓட்டாதீங்க. கண் சொருகினால் கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ ஒரு ரூம் போட்டுத் தூங்கிட்டு விடிஞ்சதும் இறங்குங்க. நாலு பேர் பிரிச்சா அந்த வாடகை ஒரு பிரியாணிக் காசு. பின் சீட்டிலும் பெல்ட் போடுங்க. இறக்கத்தில் டிராஃபிக் நின்றால் இண்டிகேட்டர் நாலையும் போட்டுட்டுக் கண்ணாடியில் பின்னாடி பாருங்க. இரண்டு லாரிக்கு நடுவில் போய்ச் சொருகாதீங்க.

ஏதாவது ஆகிவிட்டால் 108 ஆம்புலன்ஸ், 1033 நெடுஞ்சாலை உதவி. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் முதல் மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லா சிகிச்சை உண்டு. "கையில் பணம் இல்லையே"ன்னு ரோட்டோரம் ஒரு நிமிஷம்கூடத் தயங்காதீங்க. அடிபட்டவரைத் தூக்கிட்டுப் போகிறவரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2019 திருத்தச் சட்டமே சொல்லுது.

தொப்பூருக்கு உயர்மட்டச் சாலைத் திட்டம் வருது, நல்ல விஷயம். ஆனால் புது ரோடு வந்தாலும் நம்ம பழைய பாலிசி தானாக மாறாது. இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. உங்க வண்டி பாலிசியைத் திறந்து, அது முழு பாலிசியா, மூன்றாம் நபர் மட்டுமா, கடைசித் தேதி எப்போன்னு பாருங்க. பார்த்துட்டு, பாலிசி காப்பியை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்க. எங்கே என்ன இருக்குன்னு வீட்டில் ஒருத்தருக்காவது தெரியணும்.

பத்திரமா போய்ட்டு வாங்க.