சூரியனைப் பார்த்துத் திசை அறிவது எதற்கு?

போனில் ஜிபிஎஸ் இருக்கும்போது நிழலை வைத்துத் திசை அறியும் பாடம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நாங்கள் இதற்கு உடன்பட மாட்டோம்.

2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஒப்பர்சுனிட்டி ரோவர்களைப் பாருங்கள். அங்கே ஜிபிஎஸ் கிடையாது. பூமியைப் போல முழுக்கோளுக்குமான காந்தப்புலம் இல்லாததால் திசைகாட்டியும் உதவாது. ஆனால் பூமியோடு நேரடியாகப் பேச அன்டனாவைச் சரியாகப் பூமியை நோக்கித் திருப்ப வேண்டும். ரோவரோ கல்லில் ஏறிச் சாய்ந்து நிற்கும்!

சாய்வை முடுக்கமானிகள் ஈர்ப்பைக் கொண்டு அளந்தன. கமெரா வானத்தில் சூரியனைத் தேடிப் பிடித்தது. அந்த நேரத்தில் சூரியன் எங்கே நிற்கும் என்ற கணக்கு கணினியில் இருந்தது. வடக்கு தெரிந்தது, பூமி இருக்கும் பக்கமும் தெரிந்தது. ஓட ஓட சுழல்மானியில் பிழை சேரும். அப்போது மறுபடியும் சூரியன்தான். (தரவுகளில் பெரும்பகுதி செவ்வாயைச் சுற்றும் செய்மதி வழியாக வந்தது, அது வேறு கதை.)

தடியும் நிழலும் வைத்துச் செய்யும் அந்தப் பயிற்சிக்கு முற்றத்தில் ஒரு பாடவேளை போதும். அதை வெட்டிவிட்டு அந்த நேரத்திலும் கடந்தகால வினாத்தாள் செய்விக்கச் சொல்லாதீர்கள்.