காவலரின் இடுப்பில் எத்தனை கிலோ?

மாணவ நண்பர்களே, புத்தகப் பையின் எடை உங்கள் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று 2020இல் மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை கூறியது. (நடைமுறை எப்படி என்பதை உங்கள் தோளே சொல்லும்!) அமெரிக்கக் காவலர் ஒருவரின் பாரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடுப்புப் பெல்ட்டில் துப்பாக்கி, தோட்டா உறைகள், கைவிலங்கு, தடி, டார்ச் விளக்கு, வயர்லெஸ், மிளகுத் தெளிப்பான். மார்பில் குண்டு துளைக்காத அங்கி. எல்லாம் சேர்ந்து 10 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். 80 கிலோ எடையுள்ளவருக்கு இது எட்டில் ஒரு பங்கு. நீங்கள் பையை வகுப்பில் இறக்கி வைத்துவிடுவீர்கள். அவரால் வேலை முடியும்வரை இறக்க முடியாது.

பாரம் இடுப்பெலும்பில்தானே தொங்குகிறது, முதுகு ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. காரில் உட்காரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பெல்ட்டின் பின்புறமுள்ள கைவிலங்கு இருக்கையில் இடிப்பதால் முதுகு சாய்மானத்தில் படிவதில்லை. தாங்கலின்றி வளைந்தபடியே மணிக்கணக்கில் ரோந்து! மேலும், சுமார் 5 செ.மீ. அகலப் பட்டை வழியாகவே பெல்ட்டின் எடை முழுவதும் உடலை அழுத்துகிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? இடுப்பின் முன்புறமாகத் தொடைக்குச் செல்லும் உணர்வு நரம்பு இப்படி நசுங்கினால் தொடை மரத்துப்போகும், சிலருக்கு எரியும்.

இதற்குப் பரிகாரமாகச் சில நாடுகளில் கருவிகளை மேலங்கியின் பைகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாரம் பரந்த பரப்பில் பகிரப்படுகிறது, சாய்ந்தும் உட்காரலாம். நல்ல மாற்றமே. ஆனால் இதுவே போதும் என்பதை நான் ஏற்கவில்லை. பாரம் இடம் மாறியதே தவிர, குறையவில்லை. இப்போது அது தோள் வழியே முதுகெலும்பில் இறங்குகிறது. வெப்பம் வேறு! 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. அங்கி மூடிய இடத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது, வழிந்தோடி வீணாகும்.

1965இல் ஸ்டெபானி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் இழையாலான அங்கிகள் பல உயிர்களைக் காத்தவை. அவற்றைக் கழற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காகவே பெல்ட்டில் ஏறியது; ஆனால் மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது யார் பொறுப்பு? திருடனைத் துரத்த வேண்டியவர் முதல் மாடியிலேயே மூச்சு வாங்கினால் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, உதவிக்குக் கூப்பிட்டவருக்கும்தான். ஆகவே புதுக் கருவி எதையும் கொடுக்குமுன் காவலரை முழு உடுப்போடு எடை பார்க்கும் இயந்திரத்தில் நிறுத்துங்கள் என்பேன். பிறகு, வண்டியில் வைக்கக்கூடியவற்றை இறக்குங்கள். பெரிய டார்ச் விளக்கிலிருந்து தொடங்கலாம்.