முதல் பங்கு யாருக்கு?

2020 மார்ச் கடைசி வாரத்தில் நம் மருந்துக் கடைகளில் நடந்ததை இன்னொரு முறை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற பெயரை அதுவரை வாயால் சொல்லியே பார்க்காதவர்கள் அட்டை அட்டையாக அதைக் கேட்டு வந்தார்கள். அமெரிக்க அதிபர் டிரம்ப் அதை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார். மார்ச் 22 தேதியிட்ட அறிவுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், கரோனா நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர்களும் நோயாளியின் வீட்டில் இருப்பவர்களும் முன்தடுப்பாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்றது. யாருக்கு என்ற வரியை விட்டுவிட்டு மருந்தின் பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தோம். நாம் என்றுதான் சொல்ல வேண்டும்; இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இருக்கவில்லை.

அந்த மாத்திரைக்கு ஏற்கெனவே உரியவர்கள் இருந்தார்கள். மலேரியாவுக்கான மருந்துக் குடும்பத்தில் பிறந்த அது, பல பத்தாண்டுகளாக லூபஸ் நோயாளிகளின் அன்றாட மாத்திரை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய் லூபஸ். தோலில் தொடங்கிச் சிறுநீரகம்வரை போகும். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களே மிகுதி. முடக்குவாதம் எனப்படும் மூட்டழற்சி நோய்க்கும் இதே மாத்திரையைக் கொடுப்பதுண்டு. தில்லியை அடுத்த கிராமங்களில் நடந்து 1993இல் வெளியான ஆய்வொன்று ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேருக்கு முடக்குவாதம் இருப்பதாகக் கண்டது. அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தினாலே, எந்தப் பெரிய ஊராட்சியிலும் கை விரல் வீங்கியவர்கள் உள்ள சில குடும்பங்களாவது இருக்கும்.

அரசு சும்மா இருந்துவிடவில்லை. மார்ச் 25 அன்று ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. மறுநாளே இந்த மருந்து எச்1 அட்டவணைக்குப் போனது. அதாவது, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யார் வாங்கினார், எத்தனை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். பதுக்கலைத் தடுக்க வேறு வழியும் அன்று தெரியவில்லை. ஆனால் அதே வாரத்தில்தான் நாடு தழுவிய ஊரடங்கும் வந்தது, புறநோயாளிப் பிரிவுகள் சுருங்கின, பேருந்து நின்றது. புதுச் சீட்டு வேண்டும் என்றது ஓர் ஆணை, சீட்டு எழுதுபவரிடம் போகாதே என்றது இன்னோர் ஆணை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர், ஆறு மாதத்துக்கு முந்தைய பழைய சீட்டோடு கடை வாசலில் நின்ற லூபஸ் நோயாளி.

அந்த மாத்திரை கரோனாவுக்குக் கேட்டதா என்றால், இல்லை. ஜூன் 5 அன்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வுக் குழு, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு இதனால் பயனில்லை என்று அறிவித்தது. ஜூன் 15 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் அவசர அனுமதியைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன்பே விடைக்கான தடயம் நம் கண்ணெதிரில் இருந்தது. உலகெங்கும் உள்ள வாதநோய் மருத்துவர்கள் 2020 மார்ச்சில் ஒன்றுகூடித் தங்கள் நோயாளிகளின் விவரங்களைப் பொதுப் பதிவேடு ஒன்றில் சேர்க்கத் தொடங்கினார்கள். இந்த மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிட்டுவந்த லூபஸ் நோயாளிகளுக்கும் கரோனா வந்திருந்ததை அந்தப் பதிவேடு காட்டியது. யாரிடமிருந்து மருந்தைப் பிடுங்கினோமோ அவர்களிடமே கேட்டிருக்கலாம்.

இது ஒரு மாத்திரையோடு முடிந்த கதையும் அல்ல. டோசிலிசுமாப் முடக்குவாதத்துக்கான ஊசி. இரண்டாம் அலையில் மூச்சுத் திணறிக் கிடந்தவர்களுக்காக உறவினர்கள் ஊர் ஊராகத் தேடிய ஊசியும் அதுவே. பாரிசிடினிப் முடக்குவாதத்துக்கான மாத்திரை. 2021 மே மாதத்தில் அதற்கும் இந்தியாவில் கரோனா சிகிச்சைக்கான அவசர அனுமதி கிடைத்தது. கரோனா உயிரைப் பறிப்பது பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் கட்டுமீறிப் போகும்போதுதான் என்று தெரிந்ததும், அதை அடக்கத் தெரிந்த வாதநோய் மருந்துகளை நோக்கி மருத்துவம் திரும்பியது இயல்பே. அடுத்த பெருந்தொற்றிலும் இது நடக்கலாம்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நெடுநாள் நோயாளிக்குத்தான் எப்போதும் முதல் பங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு விதி எழுத முடியாது. டோசிலிசுமாப் கடுமையான கரோனாவில் உயிர் காக்கிறது என்பதை 2021 பிப்ரவரியில் அதே ரெகவரி ஆய்வு காட்டியது. ஒரே ஒரு குப்பி இருந்து, ஒரு பக்கம் மூச்சுக்குப் போராடுபவரும் இன்னொரு பக்கம் மூட்டு வீக்கத்துக்கு மாதாந்திர ஊசி போடுபவரும் இருந்தால், குப்பி முன்னவருக்கே போக வேண்டும். முடக்குவாதத்துக்கு வேறு மருந்து மாற்றித் தரலாம். ஆனால் மாற்றித் தர ஒரு மருத்துவர் வேண்டும், அவரை எட்டும் வழி வேண்டும், மாற்று மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் விஷயத்தில் நிலைமை நேர்மாறு: கரோனாவில் பயன் நிரூபணமாகவில்லை, லூபஸில் அதற்கு ஈடான மாற்றும் இல்லை. நிரூபணமான பயன் யாருக்கு, மாற்று இல்லாதவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பங்கிட்டிருந்தால் அந்த மார்ச் மாதத்தில் இவ்வளவு அலைக்கழிப்பு இருந்திருக்காது.

கரோனா மரணங்களை ஒவ்வொரு மாலையும் செய்திக்குறிப்பில் எண்ணினோம். லூபஸ், முடக்குவாத நோயாளிகளின் இழப்பை எண்ண முடியாததற்குக் காரணம் அந்த நோய்கள், மருந்து இரண்டின் தன்மையிலேயே இருக்கிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் உடலைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறும். இன்று நிறுத்தினால் நாளைக்கே ஒன்றும் தெரியாது. வாரங்கள், மாதங்கள் கழித்துச் சிறுநீரில் புரதம் போகத் தொடங்கும், முகம் வீங்கும்; அதற்குள் எல்லோரும் ஊரடங்கை மறந்திருப்பார்கள். முடக்குவாதத்தில் அரித்துப்போன மூட்டு திரும்ப வளராது. காலையில் எழுந்ததும் விரல் மடங்க ஒரு மணி நேரம் பிடிக்கிற ஒருவருக்கு மாத்திரை அட்டையைப் பிதுக்குவதே ஒரு வேலை. பேருந்துக் கம்பியைப் பிடித்து நிற்பது இன்னொரு வேலை.

தொலைவு என்பதும் இந்த நோயில் ஒரு பக்கவிளைவு மாதிரிதான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து உண்டு. வாதநோய் நிபுணரைப் பார்க்கச் சென்னைக்கோ வேலூருக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டியவர்கள் வட மாவட்டங்களில் நிறைய. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஏழைகளுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைதான் கதி. அதுவோ கோரிமேட்டில், தமிழக எல்லையைத் தாண்டிய உடனே இருக்கிறது. எல்லையில் தடுப்பு விழுந்தால் கண்ணுக்கெதிரே இருக்கும் மருத்துவமனையும் வேற்று ஆட்சிப்பகுதி. தமிழகத்துக்குள்ளும் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. அந்த முறை 2020 செப்டம்பர் தொடக்கத்தில்தான் நீங்கியது. மருத்துவக் காரணம் காட்டினால் பாஸ் உண்டு என்பார்கள். உண்மைதான். கார் வைத்து வர வசதியுள்ளவர்களுக்கு அது உதவியது.

தொலைமருத்துவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்றே அதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் வந்துவிட்டன. ஏப்ரலில் இ-சஞ்சீவனி புறநோயாளி சேவை வந்தது. அதைப் பயன்படுத்தியதில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. ஆனால் வாதநோய் மருத்துவர் இரு கைகளிலும் தோளிலும் முழங்காலிலுமாக 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, எது வலிக்கிறது, எது வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்துத்தான் மருந்தளவைத் தீர்மானிப்பது வழக்கம். கைபேசித் திரையில் வீக்கமும் சதையும் ஒன்றுபோலத் தெரியும். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்த அணு எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் குறிப்பிட்ட இடைவெளியில் வேண்டும். திரை ரத்தம் எடுக்காது.

தடுப்பூசியிலும் இதே கதை. 2021 மார்ச்சில் 45 முதல் 59 வயதுள்ள இணைநோயாளிகளுக்கு முன்னுரிமை தந்தபோது, நீண்டநாள் ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளும் எடுப்பவர்களையும் பட்டியலில் சேர்த்தார்கள், பாராட்ட வேண்டியது. ஆனால் இருபத்தைந்து வயது லூபஸ் பெண்ணுக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. மே மாதம் பிறந்து பதினெட்டு வயது தாண்டிய எல்லோருக்கும் திறந்தபோது, அவர் எல்லோரோடும் சேர்ந்து போட்டி போட வேண்டியிருந்தது.

முதல் அலையில் தமிழ்நாட்டில் ஒரு கட்சி ஆட்சியில் இருந்தது, இரண்டாம் அலை உச்சத்தில் இன்னொரு கட்சி வந்தது. இந்த நோயாளிகளின் பாடு மாறவில்லை. எனவே இதைக் கட்சிக் கணக்கில் பேசுவது வீண்.

அரசு செய்யக் கூடியது தெளிவானது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. மாவட்டந்தோறும் கிடங்கு, கணினியில் இருப்புக் கணக்கு என்று நாடே பார்த்துப் படித்த அமைப்பு. எந்த மருத்துவமனை மாதத்துக்கு எத்தனை ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுக்கிறது என்பது அதன் ஏட்டில் இருக்கும். பழைய மருந்தைப் புதிய நோய்க்குத் திருப்பும் எந்த ஆணையும், மூன்று மாத வழக்கமான தேவையை ஒதுக்கிவிட்டு மீதியை மட்டுமே தொட வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்கலாம். எச்1 போன்ற கட்டுப்பாடு வரும்போது, பழைய சீட்டு குறிப்பிட்ட காலத்துக்குச் செல்லும் என்ற ஒரு வரி அதிலேயே இருக்க வேண்டும்.

மருத்துவர்களின் பங்கு இன்னும் சிறியது, இன்னும் அவசரமானது. 2020இல் பலர் மருந்து கிடைக்காமல் மட்டும் நிறுத்தவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தாம், கரோனா வந்துவிடும் என்று பயந்து தாமாகவே நிறுத்தினார்கள். தொற்று இல்லாதவர் வழக்கமான மருந்தைத் தொடரலாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் அந்த ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. நம் ஊர் நிபுணர்களும் அதையே சொன்னார்கள். நோயாளியின் காதுக்கு அது வந்து சேரவில்லை. நெடுநாள் ஸ்டீராய்டைப் பட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எதை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றும் நோயாளியின் நோட்டில் தமிழில் இருக்க வேண்டும்.

மருந்துக் கடைக்காரர் மாதாமாதம் வரும் முகங்களை அறிவார். புதிதாக ஒருவர் பத்து அட்டை கேட்கும்போது, வழக்கமாக வருபவருக்கு இரண்டை உள்ளே எடுத்துவைப்பது அவருக்குக் கைவந்த கலை. சில கடைகளில் அப்படி நடந்திருக்கும் என்றே நம்புகிறேன். நோயாளியும் சும்மா இருந்துவிட முடியாது. வாதத்துக்கு ஏதோ மஞ்சள் மாத்திரை என்று சொல்பவருக்கு நெருக்கடி நேரத்தில் யாராலும் உதவ முடியாது. மருந்தின் பெயர், அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை மூன்றையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு ஐந்து நிமிட வேலை.

மற்றவர்களுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். அன்று பயத்தில் வாங்கி அலமாரியில் வைத்த அட்டைகள் பல, காலாவதித் தேதி தாண்டிக் குப்பைக்குப் போயிருக்கும். எழுதித் தராத மருந்தை வாங்காமல் இருப்பது, காய்ச்சலோடு அலுவலகம் வராமல் இருப்பது, அப்படி விடுப்பு எடுப்பவரின் சம்பளத்தில் முதலாளி கை வைக்காமல் இருப்பது — இவ்வளவுதான். எதிர்ப்பாற்றல் குறைந்தவர் வீட்டில் இருந்தால், வீட்டார் தடுப்பூசி போட்டுக்கொள்வது அவருக்கும் ஒரு காப்பு.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோகிறது; இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. அந்தப் பையில் வாதநோய் மருந்துக்கும் இடம் வேண்டும். ஆனால் சர்க்கரை மாத்திரை கொடுப்பதுபோல இதைக் கொடுத்துவிட முடியாது. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தவறி நாள்தோறும் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. எனவே பெண் சுகாதாரத் தன்னார்வலர் அதைத் தரும்போது எந்தக் கிழமை என்று அட்டையின்மேல் எழுதித் தர வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்த முடிவை மருத்துவக் கல்லூரி நிபுணர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே தர வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. ஒரு மருத்துவக் கல்லூரி, அதைச் சுற்றிய பத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். விழுப்புரத்தில் தொடங்கினால், கோரிமேட்டுத் தடுப்பு அடுத்த முறை விழும்போது அந்தப் பக்கத்து நோயாளிகள் எல்லை தாண்ட வேண்டியிருக்காது.