கொள்ளளவு அறிந்து எண்ணுவோம்



மரக்காலில் நெல் அளப்பவர், அது நிறைந்து வழிவதைக் கண்ணால் கண்டு கையை நிறுத்திக்கொள்கிறார். கணினியில் எண்களை இட்டுவைக்கும் கலங்களோ வழிவதை வெளியே காட்டுவதில்லை. தவறான விடையையே சரியான விடைபோல் நம்முன் வைத்துவிடுகின்றன. 'சி' மொழி பயிலும் நம் பிள்ளைகள் இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொள்ள வேண்டும்.

அம்மொழியில் முழு எண்ணை வைக்கும் பொதுவான கலம் 'இண்ட்' எனப்படும். 'டாஸ்' காலத்துக் கணினிகளில் அதன் அகலம் பெரும்பாலும் 16 பிட். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 32767. இன்றைய மேசைக் கணினிகளில் 32 பிட். மிகப்பெரிய எண் 2147483647.

இவ்வளவு பெரிய எண் போதாதா என்று கேட்கலாம். ஊர்ப் பொதுநிதிக் கணக்கைப் பைசாவிலேயே எழுதிவைப்பதாகக் கொள்வோம். பழைய கலம் 327 ரூபாய் 67 பைசாவிலேயே நிறைந்துவிடும். புதியது 2 கோடியே 14 இலட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா வரை தாங்கும். அதன்மேல் ஒரு பைசா கூடினால்? பல வேளைகளில் இருப்புத் தொகை கழித்தல் எண்ணாகி, கடன்போல் தோன்றும். ஆனால், இன்ன விடைதான் வரும் என்று மொழியின் இலக்கணமே உறுதி கூறவில்லை. ஆகவே, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே சென்று, எண் தலைகீழாகும் இடத்தை எல்லையெனக் கொள்வது பிழையான வழியாகும்.

நேரான வழி மிக எளிது. 1989இல் வகுக்கப்பட்ட சி மொழித் தரத்தில் 'லிமிட்ஸ்.எச்' என்னும் தலைப்புக் கோப்பு இடம்பெற்றுள்ளது. நிரலின் தொடக்கத்தில் அதனைச் சேர்த்துக்கொண்டு, 'இண்ட்_மின்', 'இண்ட்_மேக்ஸ்', 'லாங்_மேக்ஸ்' ஆகியவற்றை அச்சிட்டால், நாம் பயன்படுத்தும் அமைப்பின் எல்லைகள் திரையில் வந்து நிற்கும். மனப்பாடத்தை நம்பலாகாது. 'லாங்' என்னும் கலம் 64 பிட் விண்டோஸில் 32 பிட்டாகவும், 64 பிட் லினக்ஸில் 64 பிட்டாகவும் இருக்கிறதே!

எல்லையை அறிந்தால் மட்டும் போதுமா? போதாது. கூட்டிய பின் பார்ப்பதன்று, கூட்டுமுன் பார்ப்பதே முறை. 'இண்ட்_மேக்ஸ்' எண்ணிலிருந்து புதிய வரவைக் கழியுங்கள். கையிருப்பு அந்த மீதியைவிட மிகுதியாயின், கூட்டலாகாது. தொகை பெருகும் என்று தெரிந்தால், 1999ஆம் ஆண்டுத் தரம் தந்த 'லாங் லாங்' கலத்தைக் கொள்க. அது 64 பிட்டுக்குக் குறையாதது.

அலட்சியத்தின் விலை என்ன? 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் 'ஏரியன் 5' ராக்கெட், தன் முதல் பயணத்திலேயே ஒரு நிமிடத்திற்குள் சிதறியது. அதன் நிரல் 'அடா' என்னும் வேறு மொழியில் எழுதப்பட்டது. பிழையோ இதே இனத்தைச் சேர்ந்தது. 16 பிட் கலத்தில் அடங்காத எண்ணை அதனுள் இட முயன்றதே காரணம். அந்நிரற்பகுதி முந்தைய 'ஏரியன் 4' ராக்கெட்டிலிருந்து எடுத்தாளப்பட்டது. பழைய ராக்கெட்டின் வேகத்திற்குப் போதுமானதாயிருந்த கலம், புதியதன் வேகத்திற்குப் போதவில்லை. அதனுடன் நான்கு செயற்கைக் கோள்களும் அழிந்தன.

நேற்றுப் போதுமானதாயிருந்த கலம் இன்றும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். பிறர் பணத்திற்குக் கணக்கெழுதும் நிரலாயின், முதல் எண்ணை இடுமுன் கலத்தின் கொள்ளளவைக் கேட்டறியுமாறு உங்கள் பிள்ளைகளைப் பழக்குங்கள்.